வாசிப்பும் மனவாறுதலும்
கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நூல்கள் மனத்துக்கு மருந்தாகும் என்னும் எண்ணம் மிகப் பழைமையானது. பண்டைய எகிப்திய மன்னன் ஒருவனது நூலகத்தின் வாயிலில், அவ்விடம் உயிருக்கு மருந்தகம் எனப் பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது என்று கி. மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் தியோடோரஸ் எழுதியுள்ளார். 1916 ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளரான சாமுவேல் குரோதர்ஸ், நூல்வழிச் சிகிச்சை எனப் பொருள்படும் பெயரொன்றை இவ்வெண்ணத்துக்குச் சூட்டினார். இன்று உளவியலாளரும் மருத்துவரும் நூலக அறிஞரும் இப்பொருள் பற்றி ஆராய்ந்து வருகின்றனர்.

எனினும் இவ்வாராய்ச்சிகள் பலவற்றின் பின்னணியில் ஒரே வகையான வாசகனின் சித்திரமே காணப்படுகின்றது. தனியறையில், மெளனமாக, தனக்கெனத் தானே தெரிந்தெடுத்த நூலொன்றைக் கையில் வைத்திருப்பவனே அவ்வாசகன். மனித வரலாற்றில் இவன் பிற்காலத்தவன். அச்சும் பொதுக்கல்வியும் பரவுவதற்கு முன்னர் பெரும்பாலான மக்கள் நூல்களைக் கண்ணால் அன்றிக் காதாலேயே அறிந்தனர். ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். ஆகவே வாசிப்பு மனநிலையை எவ்வாறு பாதிக்கின்றது என ஆராய முற்படுவோர், எதை வாசித்தனர் என்பதோடு யாருடன் வாசித்தனர் என்பதையும் வினவுதல் வேண்டும். இவ்விரண்டாவது வினாவுக்கு விடைகாண இலங்கையின் கிழக்குக் கரையில், இன்றைய அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த முஸ்லிம் ஊர்களின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

பிரதேசமும் மக்களும்

1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. அதன் கரையோரத்தில் வடக்கிலிருந்து தெற்காக மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனவும், சற்று உட்புறமாகச் சம்மாந்துறை எனவும் முஸ்லிம் ஊர்கள் அமைந்துள்ளன. இவற்றிடையே பெரியநீலாவணை, பாண்டிருப்பு, காரைதீவு முதலான தமிழ் ஊர்கள் உள்ளன. மேற்கே வயலும் கிழக்கே கடலும் எல்லைகளாக உள்ள இவ்வூர்களில் வேளாண்மை, மீன்பிடி, நெசவு, வாணிகம் ஆகியன மரபுவழித் தொழில்களாகும். மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்றது. வெள்ளம், வரட்சி, கொள்ளைநோய், கடலின் சீற்றம் என்பன இம்மக்களின் வாழ்வில் அடிக்கடி குறுக்கிட்டன. அச்சமும் இழப்பும் நிறைந்த இத்தகைய வாழ்வில் மனத்தை நிலைநிறுத்தும் சாதனங்களுள் ஒன்றாக நூலோதல் விளங்கியது.

ஓதலும் ஆறுதலும்

இவ்வூர்களில் வாசிப்பு என்பதற்கு முதற்கண் வழங்கிய சொல் 'ஓதுதல்' என்பதாகும். பிள்ளைகள் ஓதப்பள்ளியில் லெப்பையிடம் குர்ஆனை ஓதக் கற்றனர். உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரின் அருகில் அமர்ந்து யாசீன் அத்தியாயம் ஓதுதலும், மரணம் நிகழ்ந்த வீட்டில் உறவினரும் அயலவரும் கூடிக் கத்தம் ஓதுதலும் நீண்டகால வழக்கங்களாகும். றபீஉல் அவ்வல் மாதத்தில் நபிகள் நாயகத்தின் பிறப்பைப் போற்றும் ஸுப்ஹான மௌலூது ஓதப்பட்டது. ஓதி முடிந்ததும் நார்சா பகிரப்பட்டது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்ற விழாவிலும் மௌலூது ஓதுதல் முக்கிய இடம்பெறுகின்றது.

இத்தகைய ஓதலுக்கும் உடல், உள நலத்துக்குமிடையே தொடர்புண்டு என்னும் நம்பிக்கை இஸ்லாமிய உலகம் முழுவதற்கும் பொதுவானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸிரி பாரிச வாதத்தால் பீடிக்கப்பட்ட நிலையில் நபிகள் மீது கவிதை புனைந்தார் எனவும், கனவில் தோன்றிய நபிகள் தமது போர்வையை அவர்மீது போர்த்த அவர் நோய் நீங்கி எழுந்தார் எனவும் வரலாறு வழங்குகின்றது. அக்கவிதையே 'புர்தா' எனப் புகழ்பெற்றது. நோய்க்காலத்தில் அதனை ஓதும் வழக்கம் பல நாடுகளில் பரவியமைக்கு இவ்வரலாறே காரணமாயிற்று. கவிதை நோயைக் குணமாக்குமா என்பது இங்கு ஆராயப்படும் பொருளன்று. நோயாளியின் வீட்டுக்கு ஊரவர் வந்து வட்டமாக அமர்ந்து ஓதும்போது, அந்நோயாளி தனித்து விடப்படவில்லை என்பது அவருக்கு உணர்த்தப்படுகின்றது. ஓதப்படும் அறபுச் சொற்களின் பொருளை அவர் அறியாதிருக்கலாம். அவற்றை ஓதும் குரல்களை அவர் அறிவார். ஆறுதலின் ஒரு பகுதி நூலிலும் மறுபகுதி அதனை ஓத வந்த மனிதரிலும் தங்கியிருந்தது எனலாம்.

அறபுத் தமிழும் பெண்களும்

அறபு ஓதலோடு தமிழ் நூல்களும் இவ்வூர்களிற் பயின்று வந்தன. இவ்விடத்தில் அறபுத் தமிழின் பங்கு தனித்து நோக்கத்தக்கது. தமிழ் ஒலிகளுக்கேற்பச் சில குறியீடுகளைச் சேர்த்து அறபு எழுத்திலே தமிழை எழுதும் முறையே அறபுத் தமிழாகும். கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என வழங்கிய செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) போன்றோர் இம்முறையில் நூல்கள் இயற்றினர். தமிழகத்துக் கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் அவை பரவின.

பள்ளிக்கூடம் சென்று தமிழெழுத்துக் கற்கும் வாய்ப்புப் பெண்களுக்கு அரிதாக இருந்த காலம் அது. ஆயின் பெண்பிள்ளைகளும் ஓதப்பள்ளியில் அறபெழுத்தைக் கற்றிருந்தனர். எனவே தமிழெழுத்தை அறியாத பெண்ணொருத்தி அறபுத் தமிழ் நூலைக் கையிலெடுத்துத் தன் தாய்மொழியிலேயே படிக்க முடிந்தது. எழுத்தறிவில்லாதோர் எனக் கணக்கிடப்பட்டிருக்கக்கூடிய இப்பெண்கள் உண்மையில் வாசகியராகவே இருந்தனர். இறைவனிடம் முறையிடும் முனாஜாத்துகளும், பெண்களுக்கு அறிவுரை கூறும் பெண்புத்தி மாலை போன்ற பாடல்களும் வீட்டுத் தாழ்வாரங்களில் இசையோடு ஒலித்தன. முனாஜாத்து என்பதன் இயல்பே தன் குறையைச் சொல்லியழுதலாகும். அயலவரிடம் சொல்லவியலாத துயரத்தை, புலவன் அமைத்துத் தந்த சொற்களைக்கொண்டு இறைவனிடம் வாய்விட்டுச் சொல்வதற்கு அது இடமளித்தது. துயரத்தின் உரிமை படிப்பவளுடையது; அதற்குரிய மொழி நூலினுடையது. சொல்லற்ற துயரத்துக்குச் சொல் கிடைப்பதே ஆறுதலின் முதற்படியாகும்.

எழுத்தைச் சாராத மரபொன்றும் இதற்கு இணையாக வாழ்ந்தது. கவி எனப்படும் இருவரி, நான்குவரி நாட்டார் பாடல்களிற் கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் காதலையும் பிரிவையும் ஏக்கத்தையும் வெளியிட்டனர். அவற்றைத் தொகுத்தோருள் நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில் சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்னும் தொகுப்பை 2013 இல் வெளியிட்டார். முற்காலத்தில் வாய்மொழியாகப் பகிரப்பட்ட பெண்மனம் இதன்மூலம் மீண்டும் நூலுருப் பெற்று வாசகரிடம் திரும்பியது.

சீறாவும் கிஸ்ஸாவும்

தமிழ் முஸ்லிம்களின் கூட்டுவாசிப்பில் உமறுப்புலவரின் (1642–1703) சீறாப்புராணத்துக்கு உயரிய இடமுண்டு. மூன்று காண்டங்களையும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களையும் உடைய இக்காப்பியத்தைத் தனியொருவர் மெளனமாகப் படித்து முடித்தல் எளிதன்று. ஒருவர் இராகத்தோடு பாட, மற்றொருவர் பயன்சொல்ல, ஏனையோர் கேட்டிருப்பதே அதற்கு இயைந்த முறையாக இருந்தது. இதனோடு, 1572 இல் இயற்றப்பட்ட ஆயிர மசாலா முதலாக வினாவிடை வடிவிலமைந்த மசாலாக்களும், படைப்போர்களும், யூசுபு நபி கிஸ்ஸா போன்ற கதைப்பாடல்களும் தமிழ் முஸ்லிம்களிடையே விரும்பிக் கேட்கப்பட்டன.

இந்நூல்கள் உள்ளத்தில் எழுப்பிய உணர்ச்சிகள் பலதிறப்பட்டன. தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். மசாலாக்களின் புதிர்கள் மருட்கையையும், படைப்போர்களின் வீரம் பெருமிதத்தையும், மகனைப் பிரிந்து அழுது கண்ணொளி இழந்த யாகூபு நபியின் கதை அழுகையையும் எழுப்பின. அழுகைக்கு நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கினைத் தொல்காப்பியர் கூறுவர். பிள்ளையைக் கடலுக்கோ காய்ச்சலுக்கோ பறிகொடுத்த தாயொருத்தி யூசுபு நபியின் கதையைக் கேட்டு அழும்போது, அவள் யாகூபு நபிக்காகவும் அழுகின்றாள், தனக்காகவும் அழுகின்றாள். அவ்வழுகையைச் சபை குறைகூறுவதில்லை, சபையும் உடனழுகின்றது. இழந்த மகனைத் தந்தை மீண்டும் காணும் இடத்தில் எல்லோரும் ஒருங்கே ஆறுகின்றனர். அவலச்சுவை உள்ளத்தைத் தூய்மை செய்யும் என அரிஸ்டோட்டில் கூறியது நாடக அரங்குக்கு மட்டுமன்றிக் கிஸ்ஸாச் சபைக்கும் பொருந்தும்.

அயலூர் மரபுகள்

இக்கூட்டுவாசிப்பு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. மருதமுனையை அடுத்துள்ள பாண்டிருப்பின் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் நிகழும் விழாவில் பாரதம் படிக்கப்படுகின்றது. சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவிலும் பிற ஊர்களிலும் வைகாசித் திங்களில் கண்ணகி அம்மன் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. வி. சீ. கந்தையா பதிப்பித்த அந்நூல் 1968 இல் வெளியாயிற்று. இச்சடங்கின் நிறைவான நிகழ்ச்சிக்குக் 'குளிர்த்தி' எனப் பெயர். மதுரையை எரித்த கண்ணகியின் வெம்மையைத் தணித்தலே அதன் நோக்கமாகும். அம்மை முதலான கோடைநோய்கள் அகலும் என்பது மக்களின் நம்பிக்கை. சமயத்தால் வேறுபட்டும் மொழியால் ஒன்றுபட்டும் வாழ்ந்த இவ்விரு சமூகத்தாரும், கொதிக்கும் உள்ளத்தை நூலின் ஒலியாற் குளிர்விக்கலாம் என்னும் கருத்தில் உடன்பட்டு நின்றமை எண்ணத்தக்கது.

அச்சும் கல்வியும் ஏற்படுத்திய மாற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அறிஞர் சித்திலெப்பை (1838–1898) புதியதொரு வாசகனைத் தோற்றுவிக்க முயன்றார். 1882 இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையும், 1885 இல் வெளியான 'அசன்பேயுடைய சரித்திரம்' என்னும் நவீனமும் ஆறுதலளிப்பதைக் காட்டிலும் விழிப்பூட்டுவதையே பெரிதும் நாடின. தன் சமூகத்தின் கல்விக்குறையை உணர்ந்து வாசகன் அமைதி இழக்கவேண்டும் என்பதே அப்பத்திரிகையின் எதிர்பார்ப்பாகும். வாசிப்பின் பயன் மனநிறைவு மட்டுமன்று, நல்லதோர் அமைதியின்மையும் ஆகும் என்னும் புதுக்கருத்து இவ்வாறு இலங்கை முஸ்லிம்களிடையே புகுந்தது.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1949 இல் நிறுவப்பட்ட கல்முனை ஸாஹிராக் கல்லூரி போன்ற பாடசாலைகளும் இம்மாற்றத்தைக் கரையோரத்தில் விரைவுபடுத்தின. ஊர்தோறும் வாசிகசாலைகள் எழுந்தன. மருதமுனையைச் சேர்ந்த புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் போன்ற ஆசிரியர்கள் பழைய மரபுக்கும் புதிய கல்விக்கும் பாலமாயினர். ம. மு. உவைஸ் அவர்களின் ஆராய்ச்சி, வீட்டுத் தாழ்வாரத்தில் ஒலித்த நூல்களைப் பல்கலைக்கழகப் பாடப்பொருளாக உயர்த்தியது. அதே காலத்தில் சமயச் சீர்திருத்தக் கருத்துகள் பரவ, மௌலூதும் கிஸ்ஸாவும் மார்க்க ஆதாரத்துக்கு இயைந்தனவா என்னும் வாதமும் வலுப்பெற்றது. சில ஊர்களில் அவை தொடர்ந்தன, சிலவற்றில் அருகின.

இம்மாற்றத்தாற் பெற்ற பேறுகள் சிறியனவல்ல. மெளன வாசிப்பு, சபை விரும்பாத நூலையும் படிக்கும் உரிமையைத் தனிமனிதருக்கு வழங்கிற்று. வீட்டின் எல்லைக்குள் வாழ்ந்த பெண்ணுக்கு அது இரகசியமானதொரு சாளரமாயிற்று. இழந்ததும் ஒன்றுண்டு. எழுத்தறிந்தவன் தன் நூலோடு ஒதுங்கியபோது, எழுத்தறியாத மூத்தம்மா கேட்போர் என்னும் தன் இடத்தை இழந்தாள். முன்னர் ஒரு நூல் பத்துப்பேரின் துயரைத் தாங்கியது. பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் துயரைத் தாமே சுமக்கவேண்டியதாயிற்று.

இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்தவை இலக்கிய வட்டங்களாகும். நீலாவணனை (1931–1975) மையமாகக் கொண்டு கல்முனையில் எழுத்தாளர் சங்கம் இயங்கியது. எம். ஏ. நுஃமானைச் சார்ந்தோர் 1969 இலிருந்து 'கவிஞன்' என்னும் இதழை வெளியிட்டனர். கல்முனையில் அமைந்த வெளியீட்டகத்துக்கு 'வாசகர் சங்கம்' எனப் பெயரிடப்பட்டமை பொருள் நிறைந்ததாகும். எழுத்தாளரன்றி வாசகரே இங்கு முன்னிறுத்தப்பட்டனர். மஹாகவியின் 'கோடை' போன்ற நூல்கள் அதன்வழி வெளிவந்தன. தமிழரும் முஸ்லிம்களும் இவ்வட்டங்களில் ஒன்றுகூடிக் கவிதை படித்தனர், கேட்டனர், வாதிட்டனர். பழைய சபை புதிய உருவிற் புத்துயிர் பெற்றது எனலாம்.

போர்க்காலமும் வாசிப்பும்

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாளிரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. உயிருக்கு மருந்தகம் எனத்தக்க ஓரிடம் சாம்பலானது. அதனைப் பொருளாகக் கொண்டு எழுந்த கவிதைகளுள் மிகப் பரவலாக அறியப்பட்ட 'புத்தரின் படுகொலை'யை எழுதியவர் கல்முனைக்குடியிற் பிறந்த நுஃமான் ஆவார். நூலகத்தில் நூல்களை எரித்தமை புத்தரையே கொன்று எரித்தமையாகும் என்பது அக்கவிதையின் கருப்பொருள். அவர் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' அதே 1981 இல் வெளிவந்தது. தொலைதேசத்து மக்களின் இழப்பை வாசித்த ஈழத்து வாசகர் அதிலே தம் நிலையையும் கண்டனர்.

1985 ஏப்ரலில் இப்பகுதியில் தமிழ், முஸ்லிம் மக்களிடையே மோதல்கள் மூண்டன. 1990 இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நிகழ்ந்த படுகொலைகள் கிழக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் அச்சத்தில் ஆழ்த்தின. ஒன்றாகக் கவிதை கேட்டோரிடையே பாதைகள் அடைபட்டன. இக்காலத்து மனநிலையைச் சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்' (1988), 'காகம் கலைத்த கனவு' (1991) முதலிய தொகுப்புகளிற் காணலாம். இக்கவிதைகள் படிப்போரின் மனத்தை மகிழ்விப்பனவல்ல. அச்சத்தை அச்சமாகவே காட்டுவன. எனினும் அச்சமுற்றவனுக்கு அச்சத்தை மறுக்கும் நூலைவிட அதனை அறிந்த நூலே நெருக்கமானதாகும். தன்னைப் பீடித்தது தன் மனத்தின் நோய் அன்று, காலத்தின் கொடுமையே என அவன் அறிந்துகொள்வதிலும் ஓர் ஆறுதல் உண்டு.

ஆழிப்பேரலையின் பின்

2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுந்த உயிரிழப்புக்கு உள்ளானது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கு மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரப் பகுதிகள் சிலநிமிட நேரத்தில் அழிந்தன. அதன்பின் உளவளத்துணை என்னும் சொல் இவ்வூர்களிற் பெருவழக்காயிற்று. பல நிறுவனங்கள் தத்தம் சிகிச்சை முறைகளுடன் வந்தன. அவற்றாற் பயனடைந்தோர் உளர். ஆயினும் உள்ளூர் மக்கள் தம்மைத் தாமே ஆற்றிக்கொள்ளும் முறைகளை வந்தோர் சிலர் கவனத்திற் கொள்ளவில்லை என்னும் குறையும் கூறப்பட்டது. போரினாலும் பேரலையினாலும் பாதிக்கப்படுவது தனிமனித உள்ளம் மட்டுமன்று, சமூகத்தின் கூட்டுள்ளமும் ஆகும் என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் ஆய்வுகளில் வலியுறுத்தியுள்ளார். சடங்குகளும் மரபுவழி வழக்கங்களும் ஆற்றுப்படுத்தலில் வகிக்கும் இடத்தை அவர் சுட்டியுள்ளார். இந்நோக்கிற் பார்க்கும்போது, மரண வீட்டில் ஊர்கூடி ஓதும் யாசீன் சமயக்கடன் என்பதோடு சமூகத்தின் உளமருத்துவமும் ஆகின்றது.

அண்மைக்கால ஆய்வுகள்

2016 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று, 3,635 முதியோரைப் பன்னிரண்டு ஆண்டுக்காலம் தொடர்ந்து நோக்கிய தரவுகளை ஆராய்ந்தது. நூல் வாசிப்போரிடையே மரண ஆபத்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்ததாக அது தெரிவித்தது. இம்முடிவை எச்சரிக்கையுடன் ஏற்றல் வேண்டும். நூல் வாசித்தமையால் நலம் விளைந்ததா, நலமும் ஓய்வும் உடையோர் நூல் வாசித்தனரா என்பதை அவதானிப்பு ஆய்வொன்றினால் முற்றாகப் பிரித்தறிதல் அரிது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேன் டேவிஸ் என்பவர் உருவாக்கிய கூட்டுவாசிப்பு இயக்கம் இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. சிறு குழுவினர் ஒன்றுகூடி, கதையையோ கவிதையையோ உரத்து வாசித்து, இடையிடையே நிறுத்தித் தம் வாழ்வனுபவங்களைப் பகிர்கின்றனர். மனச்சோர்வுற்றோருக்கு இது துணைபுரிவதாக லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஒருவர் படிக்கப் பலர் கேட்டல், இடையே நிறுத்திப் பயன்சொல்லுதல், கேட்டதைத் தம் வாழ்வோடு பொருத்துதல் என்னும் இம்முறை சீறாச் சபைக்கும் பாரதப் படிப்புக்கும் புதியதன்று. மேனாட்டார் புதிதாகக் கண்டடைந்ததைக் கிழக்கிலங்கை மக்கள் நெடுங்காலம் கையாண்டு, பின்னர் மெல்ல மறந்து வருகின்றனர்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, வாசிப்பின் ஆறுதல் நூலின் பொருளில் மட்டும் தங்கியதன்று. அதனை உடனிருந்து கேட்போரிலும் தங்கியுள்ளது. இரண்டாவது, மனத்தை மகிழ்விக்கும் நூலே மனத்துக்கு நலந்தரும் என்பது பொருந்தாது. அழவைக்கும் கிஸ்ஸாவும், அமைதி குலைக்கும் பத்திரிகையும், அச்சத்தைக் காட்டும் கவிதையும் வெவ்வேறு வகையில் உள்ளத்துக்கு உறுதி தந்துள்ளன. மூன்றாவது, தனிவாசிப்பும் கூட்டுவாசிப்பும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல. முன்னையது தனிமனிதருக்கு உரிமையைத் தருகின்றது. பின்னையது துணையைத் தருகின்றது.

கத்தமும் மௌலூதும் ஓதுவதா விடுவதா என்பது அவரவர் சமயத் தெளிவுக்குரியது. ஆனால் உரத்து வாசித்தல் என்னும் வழக்கம் எந்தவொரு நூலுக்கும், எந்தவொரு சமயத்தாருக்கும் உரியதாகும். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இப்பிரதேசத்துக்குப் பெரியதொரு நூலகத்தை வழங்கியுள்ளது. பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் நூல்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை எடுத்து, கண்மங்கிய முதியவருக்கும், எழுத்தறியாத தாய்க்கும், கடலிடம் மகனைக் கொடுத்தவருக்கும் உரத்துப் படித்துக் காட்டும் குரல்களே குறைந்துள்ளன. மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் இடையே ஒருகாலத்தில் நூலின் ஒலி வேலி தாண்டிக் கேட்டது. அவ்வொலி மீண்டும் எழுமாயின், நூலினால் உள்ளம் ஆறுவதோடு ஊரும் ஆறும்.